வீட்டு எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்ப்பவர்கள் கேட்டதிலேயே வேடிக்கையான வாடிக்கையாளர் லாஜிக் எது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒன்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நேற்று ஒரு டெக்னீஷியனிடம் மல்லுக்கட்டிவிட்டு "நான் பேசினது அவ்வளவு தப்பா?" என்று ராத்திரி முழுக்க யோசித்திருக்க வேண்டும். இரண்டாவது ஆள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி என்றால் கவலையே படாதீர்கள், உங்களைவிடப் பெரிய வக்கீல்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது.

வீடு வீடாகப் போய் டிவி, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் பார்ப்பது என் பிழைப்பு. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே" என்பதை நான் லாஜிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சொல்லாமல் யாரும் கதவே திறப்பதில்லை. கெட்டுப்போன எல்லாமே அதற்கு முந்தின நாள் வரை ஓடியதுதான், வேறு எப்படி இருக்கும்?

ஒரு வீட்டில் எல்இடி டிவி. சத்தம் வருகிறது, படம் இல்லை. ரூம் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் டார்ச் அடித்துக் காட்டினேன். செய்தி வாசிப்பவர் உள்ளே மங்கலாகத் தெரிந்தார். படம் வருகிறது, பின்னாலிருந்து அடிக்க வேண்டிய பேக்லைட் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சவுண்ட் இருக்கு, படம் இருக்கு, வெளிச்சம் மட்டும்தான் இல்ல. மூணுல ஒண்ணுதானே போயிருக்கு? சார்ஜும் மூணுல ஒரு பங்கு வாங்கிக்கங்க" என்றார். என் டார்ச்சை வைத்தே என்னை மடக்கிவிட்டார்.

அந்த எல்இடிகளைப் பட்டை பட்டையாக, சீரியலாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒன்று உள்ளே அறுந்துபோனால் அந்த வரிசையே அணைந்துவிடும். அந்த ஒன்றைத் தொட வேண்டுமானால் முன்னால் இருக்கும் கண்ணாடிப் பேனலைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும், அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன்களில் ஒன்று கிழிந்தாலும் டிவி அவ்வளவுதான். பிறகு வெளிச்சத்தைப் பரப்பும் ஷீட்டுகளை வரிசை மாறாமல் எடுக்க வேண்டும், உள்ளே ஒரு தூசி விழுந்தால் அது வாழ்நாள் முழுக்கத் திரையில் தெரியும். இதையெல்லாம் சொன்னேன். "அப்ப வேணாம், நான் டார்ச் அடிச்சே பாத்துக்கறேன்" என்றார். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே யோசித்தாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. (பேக்லைட்டை நூற்றுக்கு நூறில் வைத்து ஓட்டுபவர்கள் செட்டிங்கில் போய்ப் பாதிக்குக் குறைத்துவையுங்கள். எல்இடிக்கு எமன் சூடுதான்.)

இன்னொரு அம்மா, வாங்கிப் பெட்டியைவிட்டே எடுக்காமல் வருஷக்கணக்கில் வைத்திருந்த ஹோம் தியேட்டரைக் கொண்டுவந்து வைத்தார். "யூஸே பண்ணலியே தம்பி, எப்படிக் கெட்டுப்போகும்?" எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் என்று மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன டப்பா போர்டில் உண்டு, அதற்குள் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். வோல்டேஜ் படாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகும். திடீரென்று ஒருநாள் பிளக்கைச் சொருகினால் உள்ளே கரண்ட் கசிவது அதிகமாகிச் சூடேறும், சிலது செத்தும் போகும். அதிகம் ஓட்டினால் சூட்டில் காயும் என்பதும் உண்மை. விளக்கினேன். "ஓட்டினாலும் கெடும், ஓட்டாட்டியும் கெடும்னா எதுக்குத்தான் வாங்கறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பியூஸ் கதை எல்லாரும் சொல்வதுதான், சீக்கிரம் முடிக்கிறேன். "பியூஸ் அடிக்கடி போச்சு, நானே செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டேன். அதுக்கப்புறம் பியூஸ் போகவே இல்ல" என்றார் ஒருவர். போகவில்லைதான். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடு போயிருந்தது, சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்பெட் வெடித்திருந்தது, போர்டில் தாமிரத் தடம் ஒரு விரல் நீளத்துக்குக் கருகியிருந்தது. கம்பி மட்டும் பளபளவென்று இருந்தது.

நாங்கள் போய் நின்றதும் ஓட ஆரம்பிக்கும் டிவிகளும் உண்டு. பாகத்தை போர்டோடு ஒட்டும் சால்டர் (ஈயப்பற்று) விட்டுப்போன இடமாக இருக்கும். சூட்டில் விரிந்தால் ஒட்டும், ஆறினால் பிரியும், தூக்கித் திருப்பி வைத்தாலே தொட்டுக்கொள்ளும். பழைய பிக்சர் டியூப் டிவியைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்ததும் பெரும்பாலும் இதனால்தான். (அந்த டியூபுக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அதைத்தான் எல்லாரும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தோம்.) ஒரு வீட்டில் அப்படி ஓடிய டிவியைப் பார்த்து, "ஒண்ணும் ரிப்பேர் இல்லையே, அப்ப சார்ஜ் எதுக்கு?" என்றார்கள். சரி என்று கிளம்பினேன். படி இறங்குவதற்குள் திரும்ப அணைந்துவிட்டது. "பாத்தீங்களா, நீங்க போனதாலதான் நின்னுச்சு" என்றார்கள்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. கேள்விக்கு என் நிஜமான பதில் ஓய்வு பெற்ற ஒரு கணக்காளர்.

அவர் வீட்டு டிவியில் ஸ்டாண்ட்பை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, ஆன் ஆகவில்லை. பவர் சப்ளை போர்டில் கண்டன்சர்கள் தலை உப்பியிருந்தன. கழற்றிக் கொண்டுபோய் மாற்றி, சில நாள் ஓடவிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன், கேரண்டியும் எழுதிக் கொடுத்தேன். மாட்டும்போது சாதாரணமாகத்தான் கேட்டார், "ஏன் தம்பி, இவ்வளவு நாள் இது கரண்ட்டை அதிகமா இழுத்திருக்குமா?" கண்டன்சர் கெட்ட சப்ளை கொஞ்சம் சூடாக வீணடிக்கும் சார், இனிமேல் அது இருக்காது என்றேன். தலையாட்டினார். மனதுக்குள் ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டார் என்று அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் போன்.

"தம்பி, வாஷிங் மெஷின் சுத்தல. வந்து சரி பண்ணிக் குடுத்திருங்க."

"சாயங்காலம் வர்றேன் சார்."

"சார்ஜ் கிடையாது. உங்க வேலையாலதான் போச்சு."

"நான் வாஷிங் மெஷினைத் தொடவே இல்லையே சார்."

"தொடலதான். ஆனா டிவி இவ்வளவு நாள் கரண்ட்டை அதிகமா இழுத்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப சரி பண்ணிட்டீங்க. அந்த மிச்ச கரண்ட் எங்க போகும்? ஒரு பக்கம் குறைஞ்சா இன்னொரு பக்கம் ஏறணுமில்ல? மெஷினுக்குத்தான் போயிருக்கு. தாங்காம எரிஞ்சிருக்கு."

போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கேலி இல்லை, மனிதர் அவ்வளவு நிதானமாகப் பேசினார். ஆயுள் முழுக்க வரவும் செலவும் நேர்பட்டால்தான் தூங்கியிருப்பார் போல. கரண்ட் யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் வீட்டுக்குள் வந்து குவிந்து நிற்பதில்லை, எந்த சாதனம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் பாயும் என்று சொன்னேன். "அதெல்லாம் புத்தகத்துல. வீட்டுல நடந்ததை நான் சொல்றேன்" என்றார்.

போனேன். முன்பக்கம் கதவு வைத்த மெஷின். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. இந்த மெஷின்கள் தண்ணீர் வெளியே போகாமல் ஸ்பின்னுக்குப் போகாது, அதை எரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். முதலில் மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, தட்டு வைத்துத் தண்ணீரை வடித்து, தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் பில்டரைக் கழற்றினேன். ஒரு ஹேர்பின், சட்டைப் பொத்தான், நூல் உருண்டை, கடைசியாக ஒரு குழந்தையின் சாக்ஸ். வரிசையாகத் தரையில் வைத்தேன். அவர் மனைவி சிரித்துவிட்டார். பில்டரைக் கழுவி மாட்டினேன், மெஷின் ஓடியது.

முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? சார் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த சாக்ஸ் ஏன் உள்ள போச்சு தெரியுமா? டிவி உங்க கடையில இருந்த நாள்ல பேரப்பிள்ளைகளுக்குப் பொழுது போகல. நாள் முழுக்க வெளிய மண்ணுல விளையாடினாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை துணி போட்டோம். டிவி இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"டிவி ரிப்பேருக்குக் கேரண்டி குடுத்திருக்கீங்க. டிவியால வந்த செலவு கேரண்டிக்குள்ளதானே வரும்?"

பில்டர் கழுவுவதற்கு நான் காசு வாங்குவதில்லை, வந்து போனதற்கு மட்டும்தான் என்றேன். அதை அவர் மனைவி உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். சார் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைப் படித்துச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அவரிடம் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு பழுது நிஜமாகவே உண்டு. மூன்று பேஸ் சப்ளையில் நியூட்ரல், அதாவது மூன்றுக்கும் பொதுவாகக் கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுந்துபோனால், ஒவ்வொரு பேஸிலும் இருக்கும் சாதனங்கள் ஒன்றோடொன்று சீரியலாக மாட்டிக்கொள்ளும். லோடு அதிகமாக இருக்கிற பேஸில் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைந்த பேஸில் ஏறும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300-ஐத் தாண்டிப் போகும், மோசமான நிலையில் 400-ஐத் தொடும். அப்போது ஒரு பெரிய சாதனத்தை அணைத்தால் அதே பேஸில் ஓடுகிற இன்னொன்று எரிந்துபோவது நடக்கக்கூடியதுதான். "மிச்ச கரண்ட்" என்று அவர் சொன்னதை அப்படிப்பட்ட ஒரு நாளில் கேட்டால் பாதி சரி என்றே சொல்லலாம். உங்கள் வீட்டில் சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் அதே நேரத்தில் கண்ணைக் கூசினால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னைக் கூப்பிடாதீர்கள்.

"வாடிக்கையாளரைக் கிண்டல் பண்றியே, உங்க ஆளுங்க மட்டும் யோக்கியமா? ஒரு ரெசிஸ்டர் போனதுக்கு முழு போர்டையும் மாத்தச் சொல்றவங்கதானே?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால்தான் மாற்றிய பழைய பாகத்தை நான் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். முன்னால் ஒருவன் ஏமாற்றிவிட்டுப் போனதால்தான் பலர் என்னிடம் இப்படி வாதாடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வாரண்டிக்குள் இருக்கிற பொருளுக்கு, காசு கொடுக்க வேண்டாத வேலைக்கு, யாரும் லாஜிக் பேசுவதே இல்லை. அதே கணக்காளர் வீட்டில் வாரண்டியில் இருந்த மைக்ரோவேவுக்குக் கம்பெனி ஆள் வந்து என்னமோ சொன்னார். சார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது? வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவதாவது சிரிப்பில் முடிகிறது. தயாரிப்பாளர்களோடு அதுவும் இல்லை. ஒரு காலத்தில் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினால் சர்க்யூட் படத்தையே உள்ளே ஒட்டி வைத்திருப்பார்கள். இப்போது அதே படம் ரகசிய ஆவணம். போர்டைப் பார்த்துத் தடத்தைப் பின்தொடர்ந்து, நாங்களே காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது, டிவிக்கு முக்கியமான உதிரிப் பாகங்களைக் குறைந்தது 7 வருஷம், வாஷிங் மெஷினுக்கு 10 வருஷம் கிடைக்கச் செய்ய வேண்டும், அதுவும் கடைசி பீஸ் சந்தைக்கு வந்ததிலிருந்து எண்ண வேண்டும் என்று. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த பொறாமையை எழுத்தில் கொண்டுவர முடியாது. நான் ஒரு பேக்லைட் பட்டைக்காக எங்கெங்கோ விசாரித்து, அது கிடைக்காமல், அளவு கிட்டத்தட்டப் பொருந்தும் வேறொன்றை வெட்டி ஒட்டி வேலை முடித்துவிட்டு வருவேன். "ஏன் இவ்வளவு நாள் ஆச்சு?" என்பார்கள். தயாரித்தவரை யாரும் கேட்பதில்லை.

பாகம் தேடுவது இவ்வளவு கஷ்டமாக இருக்க, போனில் "எந்த மாடல் சார்?" என்று கேட்டால் "கருப்பு கலர், கொஞ்சம் பெரிசு" என்கிறார்கள். ஒரே பெயரில் விற்கிற டிவிக்குள்ளேயே ஆளுக்கொரு பேனல், ஆளுக்கொரு போர்டு இருக்கும். பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, மாடல் நம்பர் முழுசாக அதில் இருக்கும். அடுத்த முறை ஆளைக் கூப்பிடும் முன்னால் அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், லாஜிக்கை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.