பேன்ட் சைஸை நம்பலாமா?

கேள்வி: வயது 38, ஐ.டி. வேலை. உயரம் 170 செ.மீ., எடை 78 கிலோ. பல வருடங்களாக 34 சைஸ் பேன்ட்தான் போடுகிறேன். ஆனாலும் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் ‘உடல் பருமன்’ என்று எழுதிவிட்டார்கள். சரியா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: சரிதான். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 27. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது (78 ÷ 1.7 ÷ 1.7). உலக அளவில் 30-ஐத் தொட்டால்தான் பருமன் என்பார்கள். இந்தியர்களுக்கு அந்த எல்லை 25. 23 என்றாலே அதிக எடைதான். நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோயும் சீக்கிரம் எட்டிப்பார்த்துவிடுகிறது.

தொப்பை விழுந்ததும் பெல்ட் அதற்குக் கீழே இறங்கிவிடும். அங்கே பெரும்பாலும் எலும்புதான் என்பதால் சைஸ் அவ்வளவாக மாறாது. தையல் டேப்பை எடுங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொலஸ்ட்ரால் நான்கையும் பார்த்துவிடுங்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, பி.எம்.ஐ. 25-ம் அதற்கு மேலும் உள்ள தமிழக ஆண்கள் 2015-16-ல் 28.2 சதவிகிதம், 2019-21-ல் 37 சதவிகிதம். இவ்வளவு குறுகிய காலத்தில் இந்த ஏற்றம் எங்களைக் கவலைப்பட வைக்கிறது.

முதல் இலக்காக 4 கிலோ போதும், ஆறு மாதத்தில். டீயிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாளுக்கு நான்கு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. அடுத்தது எண்ணெய்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர்தான் கணக்கு. மதியச் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன் என ஏதாவது ஒன்றைச் சேருங்கள். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். பட்டினி கிடப்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

கேள்வி: காலையில் சாப்பிடுவதே இல்லை. எடை குறையவில்லையே?
- வாசகர், கோவை

பதில்: மாலை பஜ்ஜியையும் இரவு பத்து மணி பரோட்டாவையும் கணக்கில் சேர்த்தீர்களா? காலையில் விட்டதை இந்த இரண்டும் ஈடுகட்டிவிடும். ஐந்து மணிக்கு ஒரு கப் சுண்டல், எட்டரைக்குள் மூன்று இட்லி, பிறகு 15 நிமிடம் நடை. குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுவதாக வீட்டில் சொன்னால், எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.