மகளை சீரியலிலிருந்து நிறுத்தினால் 5 லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஒரு காமெடி சீரியலில் 14 மாதங்களாகப் பேத்தி வேடத்தில் நடிக்கிறாள். மாதம் 16 நாள் கால்ஷீட், நாளுக்கு 5,000 ரூபாய். பணத்தைக் கோ-ஆர்டினேட்டர் என் கணக்குக்கு அனுப்புவார். காலை 9 மணிக்குப் போனால் பேக்கப் ஆக இரவு 9 ஆகிறது. வருகைப்பதிவு குறைவு என்று பள்ளியில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நிறுத்திக்கொள்கிறோம் என்றதும், இரண்டு வருட அக்ரிமென்ட்டில் என் கையெழுத்தைக் காட்டி 5 லட்சம் கேட்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. என்ன செய்வது? - ஒரு தந்தை, வளசரவாக்கம்

பதில்: அக்ரிமென்ட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, உங்கள் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'மைனருக்காக, தந்தை' என்று மட்டும் இருந்தால் கவலை குறைவு. 'மைனர் வராவிட்டால் ஏற்படும் நஷ்டத்துக்கு நானே பொறுப்பு' என்று இருந்தால்தான் வேலை இருக்கிறது.

உங்கள் மகளை அந்த அக்ரிமென்ட் கட்டுப்படுத்தாது. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம்) சொன்னதிலிருந்து மாறவில்லை. தந்தை கையெழுத்துப் போட்டு மைனரைச் சொந்தப் பொறுப்பில் சிக்கவைக்கவும் முடியாது. 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. 'வந்து நடி' என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. இதே மாதிரி ஒரு வழக்கு 1949-லேயே பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது: ராஜ் ராணி எதிர் பிரேம் அதிப். மைனர் நடிகைக்காகத் தந்தை போட்ட ஒப்பந்தம் அது. பட முதலாளி வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மகளும் வழக்குப் போட முடியாது, தந்தையும் முடியாது என்று தீர்ப்பானது. மைனரின் வாக்குறுதியே செல்லாது என்னும்போது அதை நம்பித் தந்தையோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிரதிபலன் (வாக்குறுதிக்கு ஈடாகச் சட்டம் ஏற்கும் பதில் பலன்) இல்லை என்பதுதான் காரணம். அன்று குடும்பத்துக்கு எதிராகப் போன அந்த வாதம் இன்று உங்களுக்கு உதவும்.

நீங்கள் தனிப்பட்ட பொறுப்பு ஏற்றிருந்தாலும் 5 லட்சம் அப்படியே கைமாறிவிடாது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டை மட்டுமே கேட்கலாம். அதோடு, 12 மணி நேரக் கால்ஷீட்டை அக்ரிமென்ட்டிலேயே எழுதியிருந்தால் அது சட்டம் தடுத்த வேலைக்கான ஒப்பந்தம். அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அடிபடும்.

ஏனென்றால், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்கள் சீரியலில் நடிக்க விலக்குத் தருவதே நிபந்தனையோடுதான். 2017-ல் சேர்த்த விதி 2சி-யைப் படித்துப் பாருங்கள். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்பு விட்டுப்போகக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் வேண்டும். மேக்கப் நேரத்தைப் பற்றி விதி தனியாகப் பேசவில்லை. நீங்கள் செட்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்தே கணக்கெழுதுங்கள்.

தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி பெற்று, படிவம் 'சி'-யில் உறுதிமொழி கொடுத்திருக்க வேண்டும். அது 6 மாதத்துக்குத்தான் செல்லும். 14 மாதம் என்றால் இதற்குள் இரண்டு முறை புதுப்பித்திருக்க வேண்டும். ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தில் வாங்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஷூட்டிங் வளசரவாக்கம் வீட்டில் என்றால் சென்னை ஆட்சியர். முட்டுக்காடு பங்களாவுக்குச் செங்கல்பட்டு. பூந்தமல்லி பக்கம் போனால் திருவள்ளூர். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தந்த ஆட்சியர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'அப்படி அனுமதி எதுவும் இல்லை' என்று பதில் வந்தால், 5 லட்சப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே அடங்கும்.

பிறகு பணம். அதே விதி 2சி-யின்படி, குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, அவள் பெயரில், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாக நேரடியாகப் போட வேண்டும். மாதம் 80,000 வீதம் 14 மாதத்துக்கு 11,20,000. அதில் 20 சதவீதம் 2,24,000. இது நடக்கவில்லை என்று நினைக்கிறேன். பாக்கிச் சம்பளமான 1,60,000-ஐயும் இதையும் தனித்தனி வரியாக எழுதிக் கேளுங்கள். மீதி 80 சதவீதம் உங்கள் கணக்கில் வந்தாலும் அது அவள் உழைத்த பணம்தான். அமெரிக்க சிட்காமில் சிறுவனாகப் புகழ்பெற்ற கேரி கோல்மன் 1989-ல் பெற்றோர் மீதே வழக்குப் போட்டு, 1993-ல் சுமார் 12.8 லட்சம் டாலர் வாங்கினார்.

வரியிலும் ஒரு சிக்கல். குழந்தை தன் திறமையால் சம்பாதித்தது பெற்றோர் வருமானத்தோடு சேராது. வைப்புநிதி வட்டி மட்டும் சேரும். ஆனால் கோ-ஆர்டினேட்டர் உங்கள் பான் எண்ணில் டிடிஎஸ் கட்டியிருந்தால், ஆவணத்தில் அது உங்கள் சம்பாத்தியமாகத்தான் நிற்கும். உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை இன்றே பாருங்கள். மகளுக்குப் பான் இல்லையென்றால் எடுங்கள். மைனர் பான் அட்டையில் போட்டோ இருக்காது, பயப்பட வேண்டாம்.

நாளையே நிறுத்திவிடாதீர்கள். பாதி டிராக்கில், அதாவது கதைப் போக்கின் நடுவில், காணாமல் போனால் நஷ்டக் கணக்கு அவர்கள் கைக்குப் போகும். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரே கடிதம் அனுப்புங்கள்: இனி 5 மணி நேரம் மட்டுமே வருவாள், இந்தத் தேதியோடு முடித்துக்கொள்கிறாள், அதற்குள் கதையை மாற்றிக்கொள்ளுங்கள். டப்பிங் பாக்கி இருந்தால் முடித்துக் கொடுங்கள். முடிக்காவிட்டால், பேமென்ட்டை நிறுத்திவைக்க அவர்களுக்கு அது நல்ல சாக்கு. புரொடக்‌ஷன் மேனேஜர் அனுப்பிய கால்ஷீட் வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட 2023-ஆம் வருடச் சாட்சியச் சட்டம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும்.

பணம் வராவிட்டால், நீங்கள் மகளின் சார்பில் உரிமையியல் வழக்குப் போடலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 3 வருடம் அவகாசம். மைனர் தன் பங்கை முடித்துவிட்டால் எதிர்த்தரப்பிடம் வசூலிக்கலாம் என்பதற்கு 1916-ஆம் வருடச் சென்னை முழு அமர்வுத் தீர்ப்பே, அடமான வழக்கு என்றாலும், துணை நிற்கும்.

புகார் கொடுத்தால் உங்கள் மீதும் பாயுமா என்று தயங்க வேண்டாம். முதல் தடவைக்குப் பெற்றோருக்குத் தண்டனை இல்லை; மறுபடி நடந்தால்தான் 10,000 ரூபாய் வரை அபராதம். வேலை வாங்கியவருக்கோ 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.