நெருக்கடியான நிலையில் கருவைக் கலைப்பது நியாயமா, பாவமா?

கேள்வி கேட்டிருப்பவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கும் ஒரு பெண். அவருடைய அண்ணிக்கு மூன்றாவது கர்ப்பம். அண்ணனுக்குப் பல மாதங்களாக வேலை இல்லை. இரண்டாவது பிரசவத்தின்போது அண்ணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து, பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டதாம். இப்போது அண்ணி கலைத்துவிட வேண்டும் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் பாவம் என்கிறார்கள். "இப்படிப்பட்ட நிலையில் இது நியாயமா?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயம் என்றே நான் நினைக்கிறேன். டர்பன் அரசு மருத்துவமனைகளில் மருத்துவச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிரசவம் பார்ப்பதுதான் என் தொழில். பிறந்த குழந்தையின் முதல் அழுகையை ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்த்தவள். வயிற்றில் வளர்வது வெறும் சதைப் பிண்டம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கு மதிப்பு உண்டு, நாளாக நாளாக அந்த மதிப்பு கூடுகிறது என்பதே என் நம்பிக்கை. அப்படி நம்புகிற நானே ஏன் நியாயம் என்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் பயிற்சி பெற்றது நிறவெறி ஆட்சிக் காலத்தில். மருத்துவமனைகளும் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. அப்போது 1975ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. தாயின் உயிருக்கு ஆபத்து, மனநலத்துக்குக் கடுமையான பாதிப்பு, சிசுவுக்குப் பெரிய குறை, பலாத்காரம் போன்ற சில காரணங்களுக்கு அந்தச் சட்டம் அனுமதி தந்தது. அதாவது, கேள்வியில் இருக்கும் 'நெருக்கடியான நிலை' என்பதை அப்படியே சட்டமாக எழுதி வைத்திருந்தார்கள். படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அறுவை செய்யும் டாக்டரைத் தவிர வேறு இரண்டு டாக்டர்கள் சான்று எழுத வேண்டும், மனநலக் காரணம் என்றால் மனநல மருத்துவர் வேண்டும், பலாத்காரம் என்றால் நீதிபதியின் சான்றிதழ் வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பெண்களுக்குத்தான் அந்த வழி திறந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். காசும் தெரிந்த டாக்டரும் உள்ளவர்களுக்கு மட்டுமே எட்டிய கதவு அது.

மற்றவர்கள் எங்கள் வார்டுக்கு வந்தார்கள். பெரும்பாலும் இரவில் வருவார்கள். "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் சிஸ்டர்" என்பார்கள். கேட்டால் போலீசுக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. கேட்காமலே எங்களுக்குத் தெரியும். உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், உதடு வெளுத்திருக்கும், போர்வையை விலக்குவதற்கு முன்பே வாடை சொல்லிவிடும். சோப்புத் தண்ணீரைச் செலுத்தியவர்கள், பின்னல் ஊசியை உள்ளே விட்டவர்கள். சிலருக்குச் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் போதும். சிலருக்குக் கருப்பையையே எடுக்க நேர்ந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், இனிமேல் பிள்ளையே கிடையாது என்று ஆகிப் போனார்கள். சிலர் வீடு திரும்பவே இல்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயிலுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்ற வருகிற குடும்பங்களில் ஒன்று தங்கள் மகள் 'காய்ச்சலில்' போய்விட்டாள் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

1994இல் நாடு தழுவிய ஓர் ஆய்வு நடந்தது. கரு முழுமையாக வெளியேறாமல் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த பெண்கள் ஆண்டுக்குச் சுமார் 44,700 பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய 425 பேர் இறந்தார்கள் என்றும் அது மதிப்பிட்டது. இயற்கையாகவே கலைந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. இருந்தாலும், ஆண்டுக்கு நானூறுக்கும் மேற்பட்ட சாவு என்றால் என்ன என்பது, அந்த வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகுதான் 1996இல் புதிய சட்டம் நிறைவேறியது. 1997 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் 12 வாரங்களுக்குள் பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 13 முதல் 20 வாரம் வரை, தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ ஆபத்து, சிசுவுக்குக் கடுமையான குறை, பலாத்காரம், நெருங்கிய ரத்த உறவினரால் உண்டான கரு, அல்லது அவளுடைய சமூக, பொருளாதார நிலை மோசமாகப் பாதிக்கப்படும் என்ற காரணங்களில் ஏதேனும் ஒன்று இருப்பதாக ஒரு டாக்டர் கருத வேண்டும். 20 வாரத்துக்கு மேல் என்றால் தாயின் உயிருக்கு ஆபத்து, சிசுவுக்குப் பெருங்குறை போன்ற மிகச் சில காரணங்களுக்கு மட்டும். இந்தச் சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே, கருக்கலைப்பினால் நேரும் தாய் மரணங்கள் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்த இரவு நோயாளிகள் எங்கள் வார்டில் அருகி வந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

நம்மவர்கள் நிறைய வாழும் மொரிஷியஸையும் இங்கே சொல்ல வேண்டும். 2012 வரை அங்கே முழுத் தடை. அந்த ஆண்டுதான் சில விதிவிலக்குகளைச் சேர்த்தார்கள். பலாத்காரத்தால் கரு உண்டானால் கலைக்கலாம், ஆனால் போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டும், 14 வாரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. சொந்தச் சித்தப்பாவால் கெடுக்கப்பட்ட ஒரு பதினாறு வயதுப் பெண் 14 வாரத்துக்குள் அம்மாவிடம் வாய் திறப்பாளா, போலீஸ் நிலையப் படி ஏறுவாளா என்று எண்ணிப் பாருங்கள். 'காரணம் நியாயமாக இருந்தால் அனுமதி' என்று எழுதுவது எளிது. அந்தக் காரணத்தை யாரிடம் போய் நிரூபிப்பது என்பதில்தான் பெண்கள் சாகிறார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டம் புகாரையோ சான்றிதழையோ கேட்கவில்லை. அவள் சொல்வதைக் கேட்டு டாக்டர் முடிவு செய்தால் போதும்.

இனி, பாவம் என்ற பேச்சு. பிரூணஹத்தி, அதாவது கருவைக் கொல்வது, பெரும்பாவம் என்று நம் சாத்திரங்கள் சொல்வது உண்மை. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. 'வாயில்லாத சீவனுக்கு யார் பேசுவது?' என்று பெரியவர்கள் கேட்கும்போது அதில் பொருள் இருக்கிறது. நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: உங்களுக்குக் கருவின் மேல் அக்கறை என்றால், தயவுசெய்து நாளைக் கடத்தாதீர்கள். முடிவெடுத்துவிட்ட பெண்ணை 'கோயிலுக்குப் போய்ப் பூ போட்டுப் பார்ப்போம், அடுத்த மாதம் மாமா வரட்டும், பேசலாம்' என்று நிறுத்தி வைத்தால் அவள் மனம் மாறுவது அரிது. எட்டு வாரத்தில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது பதினேழு வாரத்துக்குப் போகும், அவ்வளவுதான். எட்டு வாரத்தில் அது ஒரு மொச்சைக்கொட்டை அளவு. பதினேழு வாரத்தில் கை, கால், விரல் எல்லாம் இருக்கும். தாய் அசைவையும் உணரத் தொடங்கியிருக்கலாம். தாமதப்படுத்துகிறவர்கள், தாங்கள் எதைக் காக்க நினைக்கிறார்களோ அதற்கே இன்னும் பெரிய கொடுமையைச் செய்கிறார்கள். தாய்க்கும் ஆபத்தை ஏற்றிவிடுகிறார்கள். அந்த வாரங்களில் உதவி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கு உண்டு.

12 வாரம் என்பது கேட்பதற்கு நீண்ட காலம் போலத் தோன்றும். கணக்கு தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. நாள் தள்ளிப்போய் சந்தேகம் வரும்போதே நான்கு, ஐந்து வாரம் ஆகியிருக்கும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு எட்டுகூட ஆகியிருக்கும். அப்புறம் கிளினிக்கில் ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், 'இங்கே செய்வதில்லை, வேறு இடம் போங்கள்' என்று அனுப்பப்படுவது ஒரு வாரம். மனசாட்சி காரணமாக இந்த வேலையில் பங்கெடுக்க மறுக்கும் நர்ஸ்களை நான் மதிக்கிறேன். என் நெருங்கிய தோழிகளிலேயே சிலர் அப்படி இருந்தார்கள், மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். ஆனால் மறுப்பது வேறு, வழியை அடைப்பது வேறு. வரிசையில் நிற்கும் பெண்ணின் காதுபட 'கொலைகாரி' என்று சொல்வதும், வேண்டுமென்றே தவறான தேதி கொடுத்து அலைய விடுவதும் எந்தச் சமயத்திலும் புண்ணியம் ஆகாது. சட்டப்படியான கருக்கலைப்புக்கு வழி மறிப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நாட்டில் கருக்கலைப்புக்குக் கர்ப்பிணியின் சம்மதம் ஒன்றே போதும். கணவன், மாமியார், தாய் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவளாக இருந்தால் பெற்றோரிடம் பேசும்படி அறிவுரை சொல்ல வேண்டும். பேசவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. 2004இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் இதை எதிர்த்து வந்த வழக்கும் தோற்றது. பலர் இதைக் குடும்பத்தை ஒதுக்கும் விதி என்று குறை சொல்கிறார்கள். நான் பார்த்தது வேறு. ஒருமுறை ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தார். நம் தமிழ்க் குடும்பம்தான். சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பையன் வேறு இனம், வேறு மதம். தாய் கைப்பையிலிருந்து அடையாள அட்டை, கிளினிக் அட்டை எல்லாம் எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கி, எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா, நீங்கள் சற்று வெளியே உட்காருங்கள்" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்டதும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எனக்கு இது வேண்டும் ஆன்ட்டி" என்றாள். அன்று அந்தக் கருவைக் காப்பாற்றியது அந்தச் சட்டம்தான். அவளுடைய சம்மதம் இல்லாமல் யாரும் தொட முடியாது என்று அந்தத் தாயிடம் எடுத்துச் சொன்னோம்; கோபமாகத்தான் போனார், ஆனால் மகளோடு போனார். கலை என்று நெருக்குவதும் கலைக்காதே என்று நெருக்குவதும் எனக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டில் பெண் சிசு என்பதற்காகக் கலைக்கச் சொன்ன குடும்பங்களையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன்; அங்கே முடிவெடுத்தவர்கள் அந்தத் தாய்மார்களா?

சிசுவுக்குக் குறை என்ற காரணத்தைப் பற்றி மட்டும் நான் வேகமாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மண்டையோடே உருவாகாத சிசுவைச் சுமந்து நின்ற ஒரு பெண் கேட்டது "இதற்கு வலிக்குமா?" என்று மட்டுமே. அவளிடம் நியாயம், அநியாயம் பேச யாருக்கு வாய் வரும்? அதே நிலையில் இன்னொருத்தி, பிறந்து ஒரு மணி நேரமானாலும் மடியில் வைத்திருப்பேன் என்று சுமந்து பெற்றாள், வைத்திருந்தாள். இருவரையும் நாங்கள் ஒரே மாதிரிதான் கவனித்துக்கொண்டோம்.

உங்கள் அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். முந்தைய பிரசவத்தில் வலிப்பு வந்தவருக்கு மறுபடியும் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, டாக்டர் சொல்லும் வாரத்திலிருந்து ஆஸ்பிரினும், ஆரம்பத்திலிருந்தே நெருக்கமான கண்காணிப்பும் இருந்தால் பலர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். அதனால் மகப்பேறு டாக்டர் ஒருவரிடம் அவருடைய ஆபத்து எவ்வளவு என்று நேராகக் கேட்கட்டும், அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். வேலை இல்லாத வீட்டில் இன்னொரு பிள்ளை என்ற கவலையை அற்பக் காரணம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் தாய். பெரியவர்களுக்கு வருத்தம் இருந்தால் அதைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், அவருடைய படுக்கையைச் சுற்றி நின்று பேச வேண்டாம்.

முதல் வேலை, ஸ்கேன் எடுத்து எத்தனை வாரம் என்று தெரிந்துகொள்வது. அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. எல்லா மருத்துவமனையிலும் செய்வதில்லை. அருகிலுள்ள கிளினிக்கில் எங்கே செய்கிறார்கள் என்று கேட்டுப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். ஆலோசனை கேட்டால் தருவார்கள், கட்டாயம் இல்லை. நகர மையத்தில் விளக்குக் கம்பங்களில் 'ஒரே நாளில், வலியில்லாமல்' என்று கைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கும் காகிதங்களை நம்பிப் போக வேண்டாம். சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வார்டுக்கு வந்த ரணங்களில் பல அங்கேயிருந்துதான் வந்தன.

முடிந்த பிறகு யாராவது கூட இருங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு பெரிய பேடுகள் நனையும் அளவுக்கு ரத்தம் போனாலோ, காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, நாற்றமுள்ள கசிவு இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எங்கே, எப்படிச் செய்திருந்தாலும் அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. வாசலில் யாராவது தயங்கினால் அதைச் சொல்லுங்கள்.