விடியறதுக்கு முன்னாடி வர்ற கவலை: ஒரு பழைய இங்கிலீஷ் கூட்டுச்சொல் பத்தி கேள்வி பதில்

கேள்வி: விடியுமுன்ன முழிச்சுக்கிட்டு கவலைப்படறதுக்கு 'ஊட்கெயர்'னு பழைய இங்கிலீஷ்ல வார்த்தை இருக்காமே?

பதில்: ரெண்டு துண்டு. 'ஊஃட்'னா ராத்திரியோட கடைசிப் பகுதி (அஃதுல வர்ற ஃ மாதிரியே சொல்லுங்க), 'செஅரு'ன்னா கவலை, துக்கம், இன்னைக்கு இருக்கற கேர் அதோட வாரிசு. சேர்ந்த வடிவம் கிடைச்சிருக்கறது ஒரே ஒரு இடத்துல, இங்கிலாந்துல எக்ஸிட்டர் கதீட்ரல்ல இருக்கற 10ஆம் நூற்றாண்டு ஏட்டுல, பின்னாடி வந்தவங்க 'மனைவியின் புலம்பல்'னு பேர் வச்ச பாட்டு. புருஷன் அலை தாண்டிப் போயிட்டான், எந்த தேசத்துல இருக்கானோன்னு எனக்கு ஊஃட்செஅரெங்கறா. கவனிங்க, செஅரெ. அது 'கவலையை'ங்கற மாதிரி வேற்றுமை ஏறின வடிவம், நெட்ல எல்லாரும் அதையே பேராக்கி சுத்த விடறாங்க. அகராதில செஅருன்னு தேடுங்க.

கேள்வி: கேர், அதே அர்த்தத்துல வர்ற லத்தீன் கூரா, ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: இல்ல. காதுக்கு ஒத்துப்போச்சுன்னா சொந்தம் ஆயிடாது.

கேள்வி: ஷேக்ஸ்பியர் எழுதியிருக்காரா?

பதில்: அவர் பொறந்தது 1564. பழைய இங்கிலீஷ் அதுக்கு 400 வருஷத்துக்கு மேல முன்னாடியே முடிஞ்சாச்சு.

கேள்வி: அப்ப ஊஃட் நம்ம சமஸ்கிருத உஷஸ், விடியல், அதுதானே?

பதில்: மறுபடியும் காது! உஷஸுக்கு இங்கிலீஷ்ல சொந்தக்காரன் ஈஸ்ட், அதாவது கிழக்கு. ஊஃட்டுக்கு டச்சுல ஓக்டென்ட், காலைன்னு அர்த்தம்.

கேள்வி: பேவுல்ஃப்ங்கற பழைய இங்கிலீஷ் காவியத்துலயும் வருதாமே?

பதில்: கவலை வரல, டிராகன் வருது. அதுக்குப் பேர் ஊஃட்ஷெஅதா, விடியுமுன்ன வர்ற கொள்ளைக்காரன். மடத்துல அந்நேரம் பாடற பிரார்த்தனை ஊஃட்சாங். ஆக, ஊஃட் புழக்கத்துல இருந்த சொல்தான், கவலையோட சேர்ந்ததுதான் அபூர்வம்.

கேள்வி: யாமக் கவலைன்னு சொல்லலாமா?

பதில்: யாமம் ராத்திரி 10லேர்ந்து 2. பாட்டுல அந்த மனைவி அழறது வைகறைல, 2லேர்ந்து 6.

கேள்வி: வைகறைன்னா சங்கப் பாட்டுல மருதத் திணை, ஊடல். இவ ஊடலா பண்றா?

பதில்: அட, இது நல்ல கேள்வி. கடல், புலம்பல் எல்லாம் நெய்தல், ஆனா நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, சாயங்காலம். இவ நேரத்தை மருதத்துலேர்ந்து எடுத்துக்கிட்டு நெய்தல்ல உக்காந்திருக்கா. இது திணைமயக்கம், ஒரு திணைக்கு உரியது இன்னொண்ணுல கலக்கறதுன்னு யாராவது வாதாடினா நான் கேக்கத் தயார், ஆனா அந்தப் புலவனுக்குத் தொல்காப்பியம் தெரியாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கிட்டு வாதாடுங்க.

கேள்வி: கேர், கவலை ரெண்டும் 'க'தானே, ஒரே வேரா இருக்குமோ?

பதில்: மேல போய் படிங்க சார்.