கேள்வி – பதில்: பின்புற ஸ்பீக்கரில் கேட்க வேண்டியது எது?

ஹோம் தியேட்டர் ஒலி பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

தருமபுரியில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். டிவியிலிருந்து சிவப்பு, வெள்ளை ஒயர் கொடுத்திருக்கிறேன். முன்னால் கேட்பதேதான் பின்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கிறது. போர்டு பழுதா?
– வாசகர், காரிமங்கலம்

போர்டு பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதே புகாருடன் என்னிடம் வந்த ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருந்தன. சிவப்பு, வெள்ளை ஒயர்கள் கொண்டுவருவது இடம், வலம் என்ற இரண்டு சேனல்களை மட்டுமே. உள்ளே இரண்டு போய் வெளியே ஆறு (ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலியான பேஸுக்கு சப்வூஃபர் ஒன்றும்; 5.1 என்பது இதுதான்) வருகிறது என்றால், மற்றவற்றை ஆம்ப்ளிஃபயர் அந்த இரண்டிலிருந்தேதான் உண்டாக்கிக்கொள்கிறது. அதை எப்படி உண்டாக்குகிறது என்பதைப் பொறுத்தே கருவியின் தரம் அமைகிறது.

1970களின் நடுவில் திரைப்படச் சுருளின் ஓரத்தில் இரண்டு ஒலித் தடங்களுக்கே இடம் இருந்தது. அந்த இரண்டுக்குள் இடம், நடு, வலம், பின்புறம் என நான்கு சேனல்களை அடக்குவதற்கு டால்பி நிறுவனத்தார் ஓர் எளிய கணக்கைக் கையாண்டார்கள். நடுவில் கேட்க வேண்டிய ஒலியை இரண்டு தடங்களிலும் ஒரே அளவாகச் சேர்த்தார்கள். பின்புறத்தில் கேட்க வேண்டிய ஒலியையோ, ஒரு தடத்தில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும்படி எதிரெதிராகச் சேர்த்தார்கள். ஆகவே இரண்டு தடங்களையும் கூட்டினால் நடு ஒலி ஓங்கிப் பின்புற ஒலி மறையும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் நடு ஒலி மறைந்து பின்புற ஒலி மிஞ்சும். 1982இல் வீடுகளுக்கு வந்த டால்பி சரவுண்ட் இந்தக் கழித்தலோடு நின்றது. 1987இல் வந்த புரோ லாஜிக், ஒவ்வொரு கணமும் எந்தத் திசை ஒலி ஓங்கியிருக்கிறது என்று பார்த்து, மற்ற ஸ்பீக்கர்களில் அது கசியாமல் அடக்கியது. அப்போதும் பின்புறத்துக்கு ஒரே சேனல்தான். அதுவும் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; அதைவிடக் கூர்மையான ஒலிகள் வராது. 2000இல் வந்த புரோ லாஜிக் 2தான் பின்புறத்தை இரண்டாகப் பிரித்து முழு ஒலியையும் தந்தது.

நம் ஊர்க் கடைகளில் பொருத்தித் தரும் எளிய போர்டுகளில் சில, கழித்தலை மட்டும் செய்கின்றன. சில அதுவும் செய்யாமல் முன்புற ஒலியை அப்படியே பின்னுக்கு நகலெடுக்கின்றன. உங்களுடையது எது என்று நீங்களே அறியலாம். பாடகரின் குரல் நடுவில் கேட்கும் ஸ்டீரியோ பாடல் ஒன்றை ஓடவிட்டு, பின்புற ஸ்பீக்கரில் காதை வையுங்கள். குரல் மங்கி, எதிரொலியும் பக்கவாத்தியங்களும் மட்டும் கேட்டால் அது கழித்தல். குரல் முழுமையாகக் கேட்டால் அது வெறும் நகல்.

கார் பின்னாலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டுமானால், ஆறு சேனல்களும் தனித்தனியாகப் பதிவான ஒலி வேண்டும். திரையரங்குகளில் 1992இல் டால்பி டிஜிட்டலும் 1993இல் டி.டி.எஸ்ஸும் அதைக் கொண்டுவந்தன. அந்த ஒலி எண்களாகச் சுருக்கப்பட்டு வருவதால் சிவப்பு, வெள்ளை ஒயரில் பயணிக்காது. ஆப்டிகல் அல்லது ஹெச்.டி.எம்.ஐ. கேபிளும், அதைப் பிரித்துத் தரும் டிகோடரும் தேவை. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஆறு தனித்தனி இன்புட் பின்கள் இருந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டிகோடர் ஒன்றைத் தனியாக வாங்கி இடையில் சேர்த்தால் போதும். சேர்த்த பிறகு டிவியின் ஒலி அமைப்பில் பி.சி.எம். என்று இருப்பதை பிட்ஸ்ட்ரீம் அல்லது டால்பி டிஜிட்டல் என்று மாற்ற மறக்க வேண்டாம். மாற்றாவிட்டால் டிகோடருக்கும் இரண்டு சேனல்தான் போய்ச் சேரும்.

பெட்டியின் மேல் 5000 வாட் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

நம்ப வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் அச்சிடப்படும் அந்த எண்ணுக்கு எந்த அளவீட்டு விதியும் கிடையாது. கருவியின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில், அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் எத்தனை வாட் என்று இருக்கும். 120 வாட் எடுத்துக்கொள்ளும் கருவி தொடர்ந்து 120 வாட்டுக்கு மேல் ஒலியாகத் தர இயலாது. சேனல் ஒன்றுக்கு எத்தனை ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி எவ்வளவு, என்று மட்டும் கேளுங்கள்.

எங்கள் ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம். தரை முழுவதும் கிரானைட். ஸ்பீக்கர்களை நான்கு மூலைகளிலும் கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறோம். வசனம் இரைகிறது, ஒரு மூலையில் பேஸ் அதிர்கிறது, நடுவில் பேஸே இல்லை. ரிசீவருடன் வந்த மைக்கை வைத்து அளந்தால் எல்லாம் சரியாகுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

ஒரு பகுதி சரியாகும்; எல்லாம் ஆகாது. (ரிசீவர் என்பது டிகோடரும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக அமைந்த கருவி; அதனுடன் வரும் மைக், அறையில் ஒலி எப்படிக் கேட்கிறது என்று அளந்து கருவியைத் திருத்திக்கொள்ள உதவுவது.) எது ஆகும், எது ஆகாது என்பதைத் தெரிந்துகொண்டு மைக்கை எடுப்பது நல்லது.

மைக் செய்யும் முதல் வேலை தூரத்தை அளப்பது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. முன் ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 10 அடியிலும் பின் ஸ்பீக்கர் 4 அடியிலும் இருந்தால், பின்புற ஒலி சுமார் 5 மில்லிசெகண்ட் முன்னதாகக் காதை அடைந்துவிடும். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வரும்போது, முதலில் வந்து சேரும் திசையிலிருந்தே அது வருவதாக நம் காது முடிவு செய்கிறது. ஹாஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1949இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயராலேயே இந்த விளைவு வழங்குகிறது. எனவே ரிசீவர், பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரின் ஒலியை அந்த 5 மில்லிசெகண்ட் நிறுத்தி வைத்து அனுப்புகிறது. பழைய புரோ லாஜிக் கருவிகள் இதற்கும் மேலே போய், பின்புற ஒலியை 15 முதல் 30 மில்லிசெகண்ட் வரை வேண்டுமென்றே தாமதப்படுத்தின. முன்புற வசனம் சிறிது பின்னால் கசிந்தாலும் காது அதை முன்னாலிருந்து வருவதாகவே கொள்ளும் என்ற கணிப்பு அதற்குள் இருந்தது. ஒலிக் கருவிகளில் நான் கண்ட நுட்பங்களில், காதின் இயல்பை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திக்கொண்டது வேறில்லை.

ஆனால் திசையை மைக்கால் மாற்ற இயலாது. மூலையில் கூரையை ஒட்டி மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி, தலைக்கு மேலிருந்துதான் வரும். 5.1 அமைப்பில் பின்புற ஸ்பீக்கர்கள் உங்கள் முகத்துக்கு நேர் திசையிலிருந்து ஏறத்தாழ 110 டிகிரியில், அதாவது காதுக்குச் சற்றே பின்னால், பக்கவாட்டில் இருக்க வேண்டும். உயரம் காதுக்கு ஓரடி மேலே இருந்தால் போதும். முன்புறத்தவை காது உயரத்திலேயே, இரு பக்கமும் 30 டிகிரி விலகி இருக்கட்டும்.

பேஸ் பிரச்சினை உங்கள் ஹாலின் நீள அகலத்தில் இருக்கிறது. 16 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 35 ஹெர்ட்ஸ் அலை நின்று ஆடும்; 12 அடி இடைவெளியில் சுமார் 47 ஹெர்ட்ஸ். அந்த ஒலிகள் சுவர் ஓரத்தில் ஓங்கியும் அறையின் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் போகும். ஓங்கியதை ரிசீவரின் திருத்தம் தணித்துவிடும். இல்லாமல் போனதை எவ்வளவு சக்தி கொடுத்தாலும் மீட்காது. அதற்கு இருக்கையையோ சப்வூஃபரையோ நகர்த்துவதுதான் வழி. சப்வூஃபரைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் மிகுந்த பாடலை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் பேஸ் அதிராமலும் மெலியாமலும் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். பிறகு மற்ற ஸ்பீக்கர்களை ஸ்மால் என்றும், கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் அமையுங்கள்; அதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும்.

இரைச்சலுக்குக் காரணம் கிரானைட்டும் வெற்றுச் சுவரும்தான். கிருஷ்ணகிரியில் கிரானைட் இல்லாத புது வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதைப் பெயர்க்கச் சொல்லவில்லை. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கனத்த ஜமக்காளம் ஒன்றை விரித்து, ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டு, முதுகுப்புறச் சுவரில் புத்தக அலமாரி ஒன்றை வையுங்கள். மைக்கால் அளப்பது இவையெல்லாம் முடிந்த பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே இருக்கையில் அல்லாமல் நீங்கள் உட்காரும் எல்லா இடங்களிலும் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

படத்தில் பேச்சு கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் பிள்ளைகள் தூக்கத்திலிருந்து விழித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?
– ஆசிரியை, பென்னாகரம்

5.1 பதிவில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் சேனலில் இருக்கிறது. முதலில் அந்த ஸ்பீக்கர் உண்மையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மெனுவில் சென்டர் இல்லை என்று குறித்துவிட வேண்டும். அப்போதுதான் கருவி அந்த ஒலியை இடத்துக்கும் வலத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். இருக்கிறது என்றால், அதை ஷெல்ஃபின் உள்ளே தள்ளி வைக்காமல் விளிம்புக்கு இழுத்து, உங்கள் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து, அதன் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள்.

இரவு நேரத்துக்கு நைட் மோட் என்றோ டைனமிக் ரேஞ்ச் என்றோ மெனுவில் ஒன்று இருக்கும். டால்பி டிஜிட்டல் ஒலியோடு, எந்த இடத்தில் எவ்வளவு தணிக்கலாம், எவ்வளவு உயர்த்தலாம் என்ற குறிப்புகளும் சேர்ந்தே வருகின்றன; இந்த அமைப்பு அவற்றைப் பின்பற்றி, வெடிச்சத்தத்தைத் தாழ்த்தி முணுமுணுப்பை உயர்த்துகிறது. பிள்ளைகள் உறங்கும் வீட்டில் இதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

டிவியில் படம் பார்க்கும் செயலியில் டால்பி அட்மாஸ் என்று காட்டும் படம், என் அட்மாஸ் ரிசீவரில் வெறும் டால்பி டிஜிட்டல் என்றே காட்டுகிறது. டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் போட்டிருக்கிறேன். மேலே நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் வாங்கினால் பயன் உண்டா?
– தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

குறை கேபிளில் இருக்கிறது. செயலிகள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவில் அனுப்புகின்றன. ஆப்டிகல் வழியில் அது செல்லாது என்பதால், டிவி அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்புகிறது. டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும், ஏ.ஆர்.சி. என்று குறித்த ஹெச்.டி.எம்.ஐ. துளையையும், ரிசீவரில் அதே குறியுள்ள துளையையும் இணையுங்கள். செயலிகளுக்கு அது போதும். புளூரே வட்டில் உள்ள, தரம் குறையாத ட்ரூ ஹெச்.டி. ஒலியையும் டிவி வழியாகக் கொண்டுவர வேண்டுமானால்தான் அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. தேவைப்படும்.

அட்மாஸ் 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டு ரிசீவர்களுக்கும் வந்தது. முந்தைய முறைகளில் ஒலிப்பதிவாளர், ஒரு ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தார். இதில் அந்த ஒலி அறையில் எந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்றுகூட எழுதிவைக்கலாம். ஹெலிகாப்டரின் ஒலியோடு அதன் இடமும் உயரமும் நகர்வும் குறிப்பாகச் சேர்ந்து வரும். உங்கள் வீட்டில் எத்தனை ஸ்பீக்கர், எங்கெங்கே என்று ரிசீவர் அறிந்து, அதற்கேற்பப் பகிர்கிறது. மேலே ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் அந்த ஹெலிகாப்டர் காணாமல் போவதில்லை. சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களில் அது கேட்கும், உயரம் மட்டும் குறையும்.

மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியவை. சமமான, தாழ்ந்த கான்கிரீட் கூரை உள்ள அடுக்குமாடி வீடு என்றால் வாங்கலாம். சாய்ந்த ஓட்டுக் கூரைக்கும் ஷீட் கூரைக்கும் அவை வீண். சொந்த வீடாக இருந்தால், இருக்கைக்கு நேர் மேலே சற்று முன்தள்ளி இரண்டு ஸ்பீக்கர்களைக் கூரையிலேயே பொருத்திவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கரான, பின்புற ஸ்பீக்கரே இல்லாத சவுண்ட்பார், சுற்றிலும் ஒலி தரும் என்கிறார்களே, எப்படி?
– கல்லூரி மாணவர், அரூர்

ஒலி வலப்பக்கத்திலிருந்து வந்தால் வலது காதை முதலில் அடைந்து, அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் அளவு தாமதித்து இடது காதை அடைகிறது. காது மடலின் வளைவுகளும் ஒவ்வொரு திசைக்கும் ஒருவிதமாக ஒலியை மாற்றுகின்றன. மூளை இவற்றைக் கொண்டே திசையை அறிகிறது. சில சவுண்ட்பார்கள் இதே மாற்றங்களைக் கணக்கிட்டு ஒலியில் சேர்க்கின்றன; வேறு சில, ஒலியைக் கற்றையாகப் பக்கச் சுவரில் மோதவிட்டுத் திருப்புகின்றன. முதல் வகை, நேர் நடுவில் அமர்ந்தவருக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும். இரண்டாவது வகைக்கு இருபுறமும் சுவர் வேண்டும். ஒரு பக்கம் சமையலறைக்கோ தாழ்வாரத்துக்கோ திறந்திருக்கும் ஹாலில் பாதி ஒலி அந்த வழியே போய்விடும். இடம் இருக்குமானால், தனிப் பின்புற ஸ்பீக்கர்களோடு வரும் சவுண்ட்பாரையே தேர்ந்தெடுங்கள்.

பழைய பாடல்களைச் சரவுண்டில் கேட்கலாமா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், பாலக்கோடு

1960களின் பாடல்களில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு தடங்களும் ஒன்றாகவே இருப்பதால் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. புரோ லாஜிக்கில் பின்புற ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும், எல்லா ஒலியும் சென்டரில் போய் ஒடுங்கும். சென்டர் ஸ்பீக்கர் சிறியதாக இருந்தால் பாடல் மெலிந்து கேட்பதற்கு இதுவே காரணம். ரிமோட்டில் ஸ்டீரியோ அல்லது டைரக்ட் பொத்தானை அழுத்தி, முன்புறத்தின் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் மட்டும் கேளுங்கள். குரல் இரண்டுக்கும் நடுவில் தானே வந்து நிற்கும்.