எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் குடலில் டி.பி. இருக்குமா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. கிட்னி மாற்று ஆபரேஷன் ஆகி 3 வருடம் ஆகிறது. மாற்றிய கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு இரண்டும் சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சல். சாப்பிட்டதும் வலது அடிவயிறு பந்து போலத் திரண்டு, கடகடவென்று சத்தம் போட்டு அடங்குகிறது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மார்பு எக்ஸ்ரே நன்றாக இருப்பதால் டி.பி. இல்லை என்கிறார்கள். கேஸ் மாத்திரையே போதுமா?

- வாசகி, தேனி

பதில்: போதாதம்மா. இனியும் நாள் கடத்தாதீர்கள். அந்தப் பந்தும் சத்தமும்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடம் வலது அடிவயிறு. குடல் டி.பி. பெரும்பாலும் வருவதும் அங்கேதான். புண்ணாகி, சுவர் தடித்து, பாதை குறுகிவிடும். சாப்பாடு அங்கே முட்டி நிற்க, பின்னாலுள்ள குடல் திரண்டு எழும்பும். வழி கிடைத்ததும் சத்தத்தோடு இறங்கும். வயிற்றில் கை வைத்தால் உள்ளங்கைக்கு அடியிலேயே அது தெரியும். அப்படித் தெரிந்தால் நான் மார்பு எக்ஸ்ரேயை நம்ப மாட்டேன். குடலில் டி.பி. உள்ள பலருக்கு நுரையீரல் சுத்தமாகவே இருக்கும்.

வயிற்று சி.டி. ஸ்கேனும், ஆசனவாய் வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் சதை எடுத்து பயாப்ஸியும் அவசியம். சதையை, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். கிரோன்ஸ் என்ற குடல் நோயும் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும். அதுதான் என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் டி.பி. தலைவிரித்தாடும்.

டி.பி. என்று உறுதியானால் குறைந்தது 6 மாதம் மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் முதல் மாத்திரைக்கு முன்பே கிட்னி டாக்டரைப் பார்த்தாக வேண்டும். டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை மளமளவென்று இறக்கிவிடும். மாற்றிய கிட்னியை உடம்பு ஏற்காமல் போகலாம். டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டுவதா, ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக ரிஃபாபூட்டின் மருந்துக்கு மாறுவதா என்று அவர்தான் முடிவு செய்வார்.

இன்னொன்று. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் குடலில் ஓட்டை விழுந்தாலும் வலி பெரிதாகத் தெரியாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் நின்றால் நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மருந்து வேலை செய்து புண் ஆறும்போதுகூட தழும்பு இறுகி அடைப்பு வரலாம், அதனால் சிகிச்சை நடக்கும் மாதங்களிலும் இந்தக் கவனம் வேண்டும். கொலனோஸ்கோபிக்குப் போகும்போது மருந்துச் சீட்டையும், கடைசியாகப் பார்த்த டாக்ரோலிமஸ் ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.