வாசகர் கேள்வி-பதில்: மொட்டை மாடியில் விக்கா வட்டம்

கே: விக்கா எனும் நவீன இயற்கைச் சமய வழிபாட்டைத் தனியாகச் செய்கிறேன். பௌர்ணமி வழிபாட்டுக்குத் தரையில் வரையும் வட்டம் 9 அடி விட்டம் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போக அவ்வளவு இடமில்லை. மெழுகுவத்தியும் அணைந்துவிடுகிறது.
- வாசகி, மயிலாப்பூர்

ப: 9 அடி என்பது விக்காவைப் பரப்பிய ஆங்கிலேயர் ஜெரால்டு கார்ட்னர் வழி வந்த குழுக்களின் அளவு. தனி ஆளுக்கு 5 அடி தாராளம். இரண்டரை அடிக் கயிற்றின் ஒரு முனையை நடுவில் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸ் கட்டிச் சுற்றினால் கோடு பிசகாது. கோலமாவு வேண்டாம், காற்றில் கலைந்துவிடும்.

அளவைக் குறையுங்கள், வரிசையைக் குலைக்காதீர்கள். முதலில் தண்ணீரைத் தூய்மைப்படுத்தி, 3 சிட்டிகை உப்பைக் கலக்கவும். பிறகு அத்தாமே எனும் கறுப்புப் பிடிக் கத்தியை நீட்டியபடி கிழக்கில் தொடங்கி வலமாக வட்டத்தைக் கட்டவும். கத்தி இல்லாவிட்டால் சுட்டுவிரலே போதும். அடுத்து உப்புநீரைத் தெளித்து, சாம்பிராணி காட்டி, திசைகளை அழைக்கவும்: கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம். தேவியையும் தேவனையும் அழைப்பது அதன் பிறகே. படையலுக்கு ஒயினுக்குப் பதில் பழச்சாறு வைக்கலாம். பலர் கோட்டைவிடுவது முடிவில்தான்: திசைகளுக்கு விடைகொடுத்து, வட்டத்தை அவிழ்த்த பிறகே எழுந்திருங்கள். நடுவில் யாராவது அழைத்தால் கத்தியால் ஒரு வாசல் திறந்து வெளியே போய், திரும்பியதும் மூடிவிடுங்கள்.

கோடை மாலைகளில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். அதனால் கிழக்கு மெழுகுவத்திதான் முதலில் அணையும். அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னியை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். கரித் தணலில் சாம்பிராணி போட்டால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், தணலின் நச்சுவாயு உயிருக்கே ஆபத்து.

கே: ஆஸ்திரேலியாவில் விக்காவின் எட்டுப் பருவகாலப் பண்டிகைகளையும் ஆறு மாதம் தள்ளிக் கொண்டாடுகிறார்களாமே, நாமும் மாற்ற வேண்டுமா?
- வாசகர், அம்பத்தூர்

ப: வேண்டாம். தென் அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழ் என்பதால்தான் அங்கே தள்ளுகிறார்கள்; சென்னையோ வடக்கு அட்சரேகை 13 பாகையில் இருக்கிறது. ஆனால் ஜூன் 21-ஐ ஒட்டிய லித்தா எனும் நீண்ட பகல் பண்டிகை அன்று லண்டனில் பகல் பதினாறரை மணி நேரம் நீளும். இங்கே 13 மணி நேரத்தைக்கூட எட்டாது. நண்பகல் சூரியனும் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். லித்தாவோடு இந்த நாட்களையும் சேர்த்துக் கொண்டாடுவதே இந்த மண்ணுக்குப் பொருத்தம் என்பேன்.

கே: தனியாகப் பயின்றவர் தன்னைக் கார்ட்னேரியன் (கார்ட்னர் மரபினர்) என்று சொல்லிக்கொள்ளலாமா?
- வாசகர், தாம்பரம்

ப: கூடாது. அந்த மரபில் தீட்சை பெற்றவர்தான் அடுத்தவருக்குத் தீட்சை தர முடியும். அதிலும் மூன்று படிகள் உண்டு. தனிவழி விக்கர் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.